சிற்றூர்ச் சிறுவரும் உதைபந்தாட்டமும்

மாலை நாலரை மணியளவில் நம் நாட்டின் சிற்றூர்களுக்குச் சென்றால் ஒரு காட்சியை இன்றும் காணலாம். அறுவடை முடிந்த வயலிலோ, கோயிலின் புறவீதியிலோ, சனசமூக நிலையத்தின் முன்னுள்ள வெளியிலோ, மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையின் சரிவான முற்றத்திலோ பத்துப் பன்னிரண்டு சிறுவர் ஒரு பந்தைத் துரத்திக்கொண்டிருப்பர். சில நாட் சென்றதும் ஊர்ப் பெரியவர் ஒருவர், “இந்தப் பிள்ளைகளை ஒழுங்காகப் பழக்கி எடுத்தால் என்ன?” என்று கேட்பார். அந்தப் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் வந்து பொறுக்கும். அவர் பெரும்பாலும் விளையாட்டுத்துறையிற் பயிற்சி பெற்றவராய் இரார். பாடசாலை ஆசிரியராகவோ, வாசிகசாலையிற் பத்திரிகை படிக்க வரும் இளைஞராகவோ, அச்சிறுவருள் ஒருவனின் தந்தையாகவோ இருப்பார். அத்தகைய ஒருவருக்குப் பயன்படக்கூடிய சில செய்திகளைக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில், நாம் பேசப்போகும் குழு எத்தகையது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் நாட்டு உதைபந்தாட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1939இல் இலங்கையில் இவ்விளையாட்டுக்கெனத் தேசியச் சங்கம் அமைக்கப்பட்டது. 1952இல் அது உலக சம்மேளனத்தின் உறுப்புரிமை பெற்றது. 1995இல் கொழும்பில் நடைபெற்ற தென்னாசியத் தங்கக் கிண்ணப் போட்டியில் இலங்கை அணி இந்திய அணியை 1க்கு 0 என்ற கணக்கில் வென்றது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கரையோர ஊர்கள் பலவற்றில் இவ்விளையாட்டுக் குடும்பச் சொத்தைப்போல் தலைமுறை தலைமுறையாய் வருகின்றது. அவ்வூர்க் கழகங்களின் வளர்ந்த ஆட்டக்காரரைப் பற்றியோ, அகில இலங்கைப் போட்டிக்குச் செல்லும் பாடசாலை அணிகளைப் பற்றியோ நான் இங்கே பேசவில்லை. எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் பொழுதுபோக்காக விளையாடுவதற்கென்று கூடும் குழுவைப் பற்றியே பேசுகின்றேன். அங்கே தெரிவு இல்லை. வருபவர் எல்லாரும் குழுவினரே. வேகமாய் ஓடுபவனும் வருவான். பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்பவனும் வருவான். அவ்விருவருக்கும் ஒருவரே பயிற்றுநர்.

இத்தகைய குழுவில் வெற்றி என்பது யாது? இக்கேள்விக்குப் பயிற்றுநர் தொடக்கத்திலேயே விடை கண்டுகொள்ளல் வேண்டும். ஆண்டிறுதியில் எத்தனை கிண்ணங்கள் கிடைத்தன என்று எண்ணுவது ஒரு கணக்கு. இவ்வாண்டு வந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் வந்தனர் என்று எண்ணுவது மற்றொரு கணக்கு. பிள்ளைகளின் குழுவுக்குப் பொருந்துவது இரண்டாவது கணக்கே என்பது என் கருத்து. பத்து வயதில் விளையாட்டைவிட்டு விலகிய பிள்ளை பெரும்பாலும் மீண்டும் அதன் பக்கம் வருவதில்லை. அவனுக்கு எஞ்சுவது, “எனக்கு விளையாட்டு வராது” என்ற எண்ணம் ஒன்றுதான். அந்த எண்ணத்தைச் சுமந்து வாழும் பெரியவர்களை நாம் எங்கும் காண்கின்றோம்.

பிள்ளைகள் விளையாட்டைவிட்டு விலகுவதற்கும் பயிற்றுநரின் நடத்தைக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளநூலறிஞர்களான ரொனால்ட் சிமித், பிராங்க் சிமோல் என்போர் 1970களிலிருந்து ஆராய்ந்தனர். அவர்கள் ஆராய்ந்தது சிறுவர் பேஸ்போல் குழுக்களை. ஆயினும் அங்கு கண்ட உண்மை எல்லா விளையாட்டுக்கும் ஏற்றது. பயிற்றுநர் சிலருக்குப் பருவம் தொடங்குமுன் சில மணி நேரப் பயிற்சி ஒன்றை அளித்தனர். முயற்சியைப் பாராட்டுக, தவறு செய்தவனுக்கு உடனே ஊக்கமளித்து, பின்பு செய்யும் முறையைச் சொல்லிக் கொடுக்க, தண்டிக்காதீர், ஏசாதீர் என்பனவே அதன் சாரம். 1992இல் வெளியான ஆய்வு முடிவின்படி, அப்பயிற்சி பெறாதவர்களின் குழுக்களிலிருந்து 26 வீதமான பிள்ளைகள் அடுத்த பருவத்துக்குத் திரும்பி வரவில்லை. பயிற்சி பெற்றவர்களின் குழுக்களிலிருந்து திரும்பாதோர் 5 வீதமானோரே. குழு வென்றதோ தோற்றதோ இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகவில்லை. பயிற்றுநர் பிள்ளையுடன் பேசிய முறையே காரணமாயிற்று.

இனி, ஆட்டத்தின் அளவைப் பற்றிப் பார்ப்போம். பதினொருவர் பக்கத்துக்கு நின்று ஆடும் உதைபந்தாட்டம் வளர்ந்தவர்களின் உடலுக்கென வகுக்கப்பட்டது. அதன் கோல் கம்பங்களுக்கிடையே 7.32 மீற்றர் அகலம் உண்டு. குறுக்குச் சட்டம் 2.44 மீற்றர் உயரத்தில் இருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளையை அதன் நடுவில் நிறுத்துவது தேர்முட்டியின் வாசலிற் குழந்தையைக் காவல் நிறுத்துவதற்கு ஒப்பாகும். தலைக்கு மேலாகச் செல்லும் பந்தை அவன் எட்டிப் பிடிக்க வழியில்லை. அடித்தவன் தான் கெட்டிக்காரன் என்று நினைப்பான். காத்தவன் தான் உதவாதவன் என்று நினைப்பான். இரண்டு நினைவும் பொய்.

ஆகவே இன்று பல நாடுகளில் வயதுக்கேற்ப ஆட்டத்தைச் சுருக்கி அமைத்துள்ளனர். எடுத்துக்காட்டாக, ஐக்கிய அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு முதல் எட்டு வயது வரையுள்ளோர் பக்கத்துக்கு நால்வராகக் கோல் காப்பாளரின்றி ஆடவும், ஒன்பது பத்து வயதினர் எழுவராக ஆடவும், பதினொன்று பன்னிரண்டு வயதினர் ஒன்பதின்மராக ஆடவும் விதி செய்யப்பட்டது. பதின்மூன்று வயதின் பின்னரே பதினொருவர் ஆட்டம். இதன் காரணம் எளிது. இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பந்து என்றால், பலசாலிகளான நால்வர் ஐவரே அதைத் தொடுவர். ஏனையோர் கூட்டமாகப் பின்னால் ஓடிக் களைத்துப்போவர். எண்மருக்கு ஒரு பந்து என்றால், ஒளிந்து நிற்க இடமில்லை. பந்து ஒவ்வொருவனையும் தேடி வரும். அடிக்கடி தொட்டால்தான் கால் பழகும்.

நமக்கு இது பெரும் நன்மையும் ஆகும். முழு மைதானம் இல்லாத ஊர்தான் நம் நாட்டில் அதிகம். 100 மீற்றர் நீளமும் 64 மீற்றர் அகலமும் உள்ள வெளிக்கு 6400 சதுர மீற்றர் நிலம் வேண்டும். எழுவர் ஆட்டத்துக்கு 55 மீற்றர் நீளமும் 35 மீற்றர் அகலமும் போதும்; அது மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. நால்வர் ஆட்டத்தை ஒரு பெரிய வளவுக்குள்ளேயே நடத்தலாம். எல்லை குறிக்கச் சுண்ணாம்பு இல்லையெனிற் கயிற்றைத் தரையில் இழுத்துக் கோடு கீறலாம். பந்தை வளைத்து எடுத்துச் செல்லப் பழக்குவதற்கு இடையிடையே எதையாவது வைக்க வேண்டுமாயின் நெகிழ்ந்து கொடுக்கும் பொருளாக வைத்தல் நன்று. பழைய ரயர், மண் நிரப்பிய துணிப்பை, பச்சைத் தென்னை மட்டைத் துண்டு என்பன உதவும். கல்லும் செங்கட்டியும் கூடா. விழும் பிள்ளையின் முழங்கால் அவற்றின்மீதுதான் விழும்.

பந்துக்கும் அளவு உண்டு. வளர்ந்தோர் ஆடும் ஐந்தாம் அளவுப் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர். நிறை 410 முதல் 450 கிராம். எட்டு முதல் பன்னிரண்டு வயதினருக்கு நான்காம் அளவுப் பந்தே ஏற்றது. அதன் நிறை ஏறத்தாழ 350 முதல் 390 கிராம். அதனினும் சிறியோர்க்கு மூன்றாம் அளவு. ஊர்க் கழகம் கழித்துவிட்ட பெரிய பந்தையே சிறுவர்க்குக் கொடுப்பது நம் வழக்கம். பாரமான பந்தை உதைக்கும் சிறுவன் பாதத்தின் உட்புறத்தால் தள்ளப் பழகமாட்டான். விரல் நுனியால் குத்தவே பழகுவான். பின்னர் அவ்வழக்கத்தை மாற்றப் பல மாதங்கள் செல்லும். ஆதலாற் குழுவுக்குப் பணம் சேருமாயின் முதலிற் சின்னப் பந்துகள் நாலைந்து வாங்குதல் வேண்டும். நிறம் பொருந்திய மேற்சட்டைகள் பின்னர் வரலாம்.

ஒரு மாலைப் பயிற்சியை எங்ஙனம் ஒழுங்கு செய்வது? ஒரு மணி நேரம் போதும். அதனை நான்கு பகுதியாக வகுத்துக்கொள்ளலாம். முதற் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றும் ஓட்டமும் சமநிலைப் பயிற்சியும். ஒற்றைக் காலில் நிற்றல், குதித்து மெல்ல ஊன்றுதல், விழுந்து உருளப் பழகுதல் போன்றவை இதில் அடங்கும். ஏழு முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கென இவ்வாறு வகுக்கப்பட்ட ஒரு பயிற்சித் தொகுதி ஐரோப்பிய நாடுகள் நான்கிற் சோதிக்கப்பட்டபோது, காயங்கள் ஏறத்தாழப் பாதியளவாகக் குறைந்தன என 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்த பதினைந்து நிமிடம் பந்துடன் தனிப் பழக்கம். அதற்கடுத்த பதினைந்து நிமிடம் இருவருக்கு ஒருவர், மூவருக்கு இருவர் எனச் சிறு மோதல்கள். எஞ்சிய இருபது நிமிடம் ஆட்டம். ஆட்டத்தை எக்காரணத்துக்காகவும் குறைத்தல் ஆகாது. பிள்ளைகள் வந்தது அதற்காகவே.

ஒன்றை மட்டும் தவிர்த்தல் வேண்டும். அதுதான் வரிசை. பன்னிரண்டு பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி, ஒவ்வொருவரும் ஒரு முறை உதைத்துவிட்டு வரிசையின் கடைசிக்குச் செல்லும் பழக்கம் எங்கும் உண்டு. பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றும். ஆனால் ஒரு பிள்ளை ஐந்து வினாடி விளையாடி ஒரு நிமிடம் காத்து நிற்கின்றது. காத்து நிற்கும் பிள்ளை முன்னால் நிற்பவனின் சட்டையை இழுக்கும், மண்ணைக் கிளறும், பயிற்றுநர் கோபிப்பார். குற்றம் பிள்ளையுடையதன்று, வரிசையுடையது. வகுப்பறையிலும் இதுவே நியதி என்பதை ஆசிரியர்கள் அறிவர்: வேலையில்லாத கைதான் குழப்படி செய்யும்.

கற்பிக்கும்போது ஒரு மாலைக்கு ஒரு விடயம் போதும். இன்று பாதத்தின் உட்புறத்தாற் பந்து கொடுத்தல் என்றால், ஊன்றிய கால் பந்தின் அருகில் இருக்கட்டும், உதைக்கும் பாதம் வெளிப்புறம் திரும்பட்டும் என்று இரண்டு வாக்கியத்திற் சொல்லி, ஒரு முறை செய்து காட்டி, உடனே விளையாட விட வேண்டும். செய்து காட்டத் தெரியாத பயிற்றுநர் வெட்கப்பட வேண்டியதில்லை. நன்றாகச் செய்யும் பிள்ளை ஒருவனை அழைத்துச் செய்விக்கலாம்.

நமது மரபு விளையாட்டுகளும் இங்கே கைகொடுக்கும். கிளித்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்குக் கோட்டில் மறித்து நிற்பவன் அக்கோட்டிலேயே அசைய வேண்டும். கடந்து செல்பவன் ஒரு பக்கம் போவதுபோற் காட்டி மறு பக்கம் பாய வேண்டும். கிளியாக இருப்பவன் நடுக்கோட்டால் ஓடி வந்து வழியை அடைக்கும். ஏமாற்றுதல், இடைவெளி தேடுதல், தோழன் மறிக்கும்போது பின்னாலிருந்து துணை நிற்றல் என உதைபந்தாட்டத்தின் அடிப்படை நுணுக்கங்கள் மூன்றும் அதில் உள்ளன. கிளித்தட்டை முதலிற் பந்தின்றி விளையாடச் செய்து, பின்பு கடந்து செல்பவன் காலில் பந்தைக் கொடுத்தால், நீண்ட விளக்கத்தாற் புரியாதது பத்து நிமிடத்திற் புரியும்.

பிள்ளையுடன் பேசும் முறைக்கு வருவோம். “நல்லாய் விளையாடு” என்பது ஒன்றையும் சொல்லாத வாக்கியம். “பந்து வருமுன் ஒருமுறை திரும்பிப் பார்” என்பது பிள்ளை செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கின்றது. பாராட்டும் அவ்வாறே. “கெட்டிக்காரன்” என்பதைவிட, “தம்பி, பந்தை இழந்தவுடன் திரும்பி ஓடி வந்தாயே, அது நல்லது” என்பது பயனுடையது. கெட்டிக்காரன் என்று புகழப்பட்டவன் அப்பெயரை இழந்துவிடுவேனோ என்று அஞ்சுவான். ஓடி வந்ததற்காகப் புகழப்பட்டவன் நாளையும் ஓடி வருவான். ஆட்டம் நடக்கும்போது எல்லையில் நின்று ஓயாது கட்டளையிடுதலும் தீது. “அடி! கொடு! ஓடு!” என்று மூன்று குரல்கள் கேட்கும்போது பந்து காலில் உள்ள பிள்ளை தன் கண்ணை நம்புவதா, அக்குரல்களை நம்புவதா? எங்கே கொடுப்பது என்பதைத் தானே தீர்மானிக்கப் பழகுவதற்குத்தான் அவனை ஆட்டத்துக்கு விட்டோம்.

“விளையும் பயிரை முளையிலே தெரியும்” என்பது நம் முன்னோர் வாக்கு. பயிர் விடயத்தில் அது உண்மையாயிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளைகளின் விளையாட்டு விடயத்தில் அதை நம்பி முடிவு செய்தல் கூடாது. ஒரே வயதுப் பிரிவில் தை மாதத்திற் பிறந்தவனும் மார்கழியிற் பிறந்தவனும் இருப்பர். பத்து வயதிற் பதினொரு மாத வேறுபாடு உயரத்திலும் பலத்திலும் பெரிய வேறுபாடு. கனடாவின் பனிச்சறுக்கு ஹொக்கிக் குழுக்களில் ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோரே மிகுதியாகத் தெரிவாகியிருந்தனர் என்பதை 1985இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். பின்னர் உதைபந்தாட்டத்திலும் அதுவே பல நாடுகளிற் காணப்பட்டது. பிறந்த மாதத்தைத் திறமையென்று மயங்கினோம் என்பதே இதன் பொருள். இன்று குள்ளனாய் மெலிந்து நிற்பவன் பதினாறு வயதில் எவ்வாறு வளர்வான் என்பதை எவர் அறிவார்? அதுவரை அவனைக் குழுவில் வைத்திருப்பதே பயிற்றுநரின் கடமை.

அவ்வாறு வைத்திருக்க ஒரே வழி, அவனை விளையாட விடுதல். எல்லாருக்கும் சமமான நேரம் என்று வாயாற் சொல்வது எளிது. ஆட்டச் சூட்டில் அது மறந்துபோகும். ஆகையாற் கொப்பி ஒன்றில் எழுதிவைத்தல் வேண்டும். எழுவர் ஆட்டத்துக்குப் பத்துப் பிள்ளைகள் வந்திருக்கின்றனர் என்று கொள்வோம். பத்து நிமிடப் பகுதிகள் நான்கு. ஒரு பகுதிக்கு ஏழு இடமாக மொத்தம் 28 இடங்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு மும்மூன்று பகுதியும் இருவருக்கு இவ்விரண்டு பகுதியும் கொடுத்தால் கணக்குச் சரி. அடுத்த ஆட்டத்தில் அவ்விருவரின் பெயரை முதலில் எழுத வேண்டும். இடங்களையும் அவ்வாறே மாற்ற வேண்டும். பருத்த பிள்ளை என்றால் கோல் காக்க, வேகமானவன் என்றால் முன்னணியில் என்று பத்து வயதிலேயே முத்திரை குத்துதல் அநீதி. எல்லாரும் எல்லா இடத்திலும் நின்று பார்க்கட்டும். கோல் காத்துப் பார்த்தவன் கோல் காப்பவனை ஏசமாட்டான்.

இங்கே ஒரு தடை எழும். ஊருக்கு ஊர் நடக்கும் கிண்ணப் போட்டிகளில் இம்முறை பலிக்குமா என்று நீங்கள் கேட்கலாம். அத்தகைய போட்டி ஒன்றில், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் இறுதியாட்டத்தை நான் பார்வையாளனாக இருந்து கண்டேன். ஆட்டம் சமநிலையில் இருந்தது. கடைசிப் பகுதிக்கு ஒரு குழுவின் பயிற்றுநர், தம் கொப்பியிலுள்ளபடி, மிக மெதுவாக ஓடும் ஒரு சிறுவனை உள்ளே அனுப்பினார். எல்லையில் நின்ற பெரியவர்கள் கூச்சலிட்டனர். “அவனை வெளியே எடு, ஊர் மானம் போகப்போகுது” என்ற குரல் மைதானமெங்கும் கேட்டது, அச்சிறுவனுக்கும் கேட்டது. பயிற்றுநர் அவனை வெளியே எடுக்கவில்லை. அக்குழு ஒரு கோலால் தோற்றது. அக்கோலுக்கும் அச்சிறுவனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எனினும் பழி அவன்மீதே விழுந்தது.

அன்று அப்பயிற்றுநர் செய்தது சரியா என்று ஊரில் நெடுநாள் வாதம் நடந்தது. சரியென்றே நான் கருதுகின்றேன். ஊர் மானம் என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றக்கூடிய சுமையன்று. கிண்ணம் ஓர் ஆண்டு கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும். “உன்னை வைத்தால் தோற்போம்” என்று ஊர் முழுவதும் கூடிச் சொன்ன சொல் அப்பிள்ளையின் உள்ளத்தில் ஐம்பது ஆண்டு இருக்கும். வெல்ல விரும்புதல் குற்றமன்று. வெல்ல விரும்பாத பிள்ளை விளையாடவே வராது. வெல்வதற்காக யாரை வெளியே இருத்தலாம் என்று கணக்கிடுவது வளர்ந்தோரின் வழக்கம். அதனைச் சிறுவர் ஆட்டத்துக்குள் கொண்டுவரலாகாது. இத்தகைய பூசலைத் தவிர்க்க விரும்பும் பயிற்றுநர், பருவம் தொடங்குமுன்பே பெற்றோரையும் நிலையத்தின் பெரியோரையும் கூட்டி, தம் முறை இதுவென்று சொல்லிவிட வேண்டும். போட்டி அமைப்பாளர்களும், பிள்ளைகள் எல்லாரும் குறைந்தது அரைவாசி ஆட்டமாவது ஆடல் வேண்டும் என்று விதி வகுத்தால் எல்லாருக்கும் ஒரே நிலை உண்டாகும்.

பெற்றோருடன் தொடர்புடைய மற்றொரு விடயம் படிப்பு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கியதும் மைதானம் வெறிச்சோடிப்போவதை நாம் காண்கின்றோம். பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு, அதன்பின் மற்றொரு வகுப்பு, இரவில் மாதிரி வினாத்தாள் என்று பத்து வயதுப் பிள்ளையின் நாள் முடிந்துவிடுகின்றது. பல ஆண்டுகள் பாடசாலை அதிபராக இருந்தவன் என்ற உரிமையோடு ஒன்று கூறுவேன். மாலையில் ஒரு மணி நேரம் ஓடியாடி வந்த பிள்ளை இரவில் ஒரு மணி நேரம் ஊன்றிப் படிக்கும். மூன்றாவது வகுப்பில் இருந்துவிட்டு வந்த பிள்ளை புத்தகத்தின் முன்னால் உறங்கும். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலை இயக்குதல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. பயிற்றுநர் செய்யத்தக்கது, நேரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தல். ஐந்தரைக்கு முடியும் என்றால் ஐந்தரைக்கே முடிய வேண்டும். விளக்கேற்றும் வேளைக்குப் பிள்ளை வீட்டில் நின்றால், அடுத்த நாள் அனுப்பத் தாய் மறுக்கமாட்டாள்.

பெண் பிள்ளைகளையும் மறந்துவிடலாகாது. எட்டொன்பது வயதில் அண்ணன்மாருடன் சேர்ந்து பந்து விளையாடும் பிள்ளையைப் பத்து வயதானதும் திண்ணையில் இருத்திவிடுகின்றோம். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் தேசிய மட்டத்தில் உதைபந்தாட்டப் பட்டங்களை வென்று வந்ததை நேயர்கள் அறிவர். அவர்களும் எங்கோ ஒரு முற்றத்திற் பந்தைத் தொட்டுத்தான் தொடங்கியிருப்பர். சிறு வயதிற் கலந்து விளையாடுவதால் ஒரு தீங்கும் இல்லை. வளர்ந்தபின் தனிக் குழு அமைக்கலாம். அப்போது பெண் ஆசிரியர் ஒருவரோ, ஊர்ப் பெண்மணி ஒருவரோ உடனிருப்பது பெற்றோருக்கு நம்பிக்கை தரும்.

இனிப் பாதுகாப்பு. இதிற் சலுகைக்கு இடமில்லை. முதலாவது, பயிற்சிக்கு முன் மைதானத்தைச் சுற்றி நடந்து போத்தற் கண்ணாடி, முள், கிடங்கு என்பன உண்டா என்று பார்த்தல் வேண்டும். இரண்டாவது, நகர்த்தக்கூடிய இரும்புக் கோல் கம்பங்களைத் தரையுடன் இறுகப் பிணைத்தல் வேண்டும். மண்மூட்டையாவது ஏற்றி வைத்தல் வேண்டும். குறுக்குச் சட்டத்திற் பிள்ளைகள் தொங்கியதால் கம்பம் சரிந்து உயிரிழப்பு நேர்ந்த நாடுகள் பல. மூன்றாவது, வெயில். பிற்பகல் மூன்று மணி வெயிலிற் சிறுவரை ஓட்டுதல் ஆகாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தாகமிருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடிக்கச் செய்தல் வேண்டும். நான்காவது, சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மாலையில் எழும் இடிமுழக்கம். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே முப்பது எண்ணுவதற்குள் ஓசை கேட்டால், ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள் செல்க. மரத்தின் கீழ் ஒதுங்கவிடாதீர். கடைசி இடியின் பின் அரைமணி நேரம் காத்திருக்க.

ஐந்தாவது, தலை. தலையாற் பந்தை முட்டும் பழக்கத்தைச் சிறுவர்க்குக் கற்பித்தலாகாது என்ற முடிவுக்கு இன்று பலர் வந்துள்ளனர். ஐக்கிய அமெரிக்காவிற் பத்து வயதுக்குட்பட்டோர்க்கு அது 2015இல் தடைசெய்யப்பட்டது. முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளை நலிவு நோய்களால் இறப்பது ஏனையோரைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு கூறியது. அதையடுத்து 2020இல் இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் ஆரம்பப் பாடசாலை வயதினரின் பயிற்சியில் தலையால் முட்டுதல் விலக்கப்பட்டது. சிறுவர்க்குக் காலாற் செய்யக் கற்க வேண்டியதே ஏராளம். தலையின் வேலை பின்னர் வரட்டும். பிள்ளைகள் தலையுடன் தலை மோதிக்கொண்டால், ஒருவன் மயங்கினாலோ, தலைசுற்றுகிறது, வாந்தி வருகிறது, கண் மங்குகிறது என்றாலோ, அன்று அவன் மீண்டும் ஆடலாகாது. ஐயமிருப்பினும் ஆடலாகாது. பெற்றோரிடம் ஒப்படைத்து வைத்தியரிடம் காட்டச் சொல்லல் வேண்டும்.

ஆறாவதாக ஒன்றைக் கூச்சமின்றிச் சொல்வேன். பிள்ளைகளைப் பழக்கும் பெரியவர் எவராயினும் தனியே ஒரு பிள்ளையுடன் இருக்கும் நிலை ஏற்படாதவாறு ஒழுங்கு செய்தல் வேண்டும். எப்போதும் இன்னொரு பெரியவர் அருகில் இருக்கட்டும். அது பிள்ளைக்குக் காவல். நேர்மையான பயிற்றுநருக்கும் காவல்.

தோல்வியை ஏற்கப் பழக்குதல் இறுதி விடயம். மத்தியஸ்தர் தவறு செய்வார், அவரும் மனிதரே. பயிற்றுநர் அவரை ஏசினால், நாளை பிள்ளை தன் தவறுக்கெல்லாம் மத்தியஸ்தரையே காரணம் காட்டும். ஆட்டம் முடிந்ததும் எதிர்க் குழுவினருடன் கைகுலுக்கி, மத்தியஸ்தருக்கு நன்றி கூறிவிட்டு வருதலை முதல் நாளிலிருந்தே வழக்கமாக்க வேண்டும். தோற்ற அன்று நீண்ட உபதேசம் வேண்டாம். தண்ணீரும் தோடம்பழமும் கொடுத்து, நன்றாக நடந்த ஒன்றைச் சொல்லி வீட்டுக்கு அனுப்புக. திருத்த வேண்டியதை அடுத்த பயிற்சியிற் சொன்னால், அழுகை அடங்கிய காதில் அது ஏறும்.

நேயர்களே, இத்தனையும் செய்யப் பெரும் பணம் வேண்டியதில்லை. சின்னப் பந்துகள் சில, ஒரு விசில், ஒரு கொப்பி, கிழமைக்கு இரண்டு மாலை என்பன போதும். உங்கள் ஊரிற் பந்தைத் துரத்தும் பிள்ளைகள் இருப்பின், அவர்களுக்கு அந்த இரண்டு மாலைகளைக் கொடுக்க முன்வாருங்கள். முதல் நாளிலேயே எல்லாருடைய பெயரையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அப்பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பாருங்கள். எத்தனை குரல்கள் “வந்திருக்கிறேன், ஐயா” என்று பதில் சொல்கின்றனவோ, அதுவே உங்கள் குழு பெற்ற புள்ளி.